செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வந்த வயிற்றுவலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களின் ஒழுக்கம் குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சில வாரங்களாக வெளிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையில் மேசையைத் தள்ளிவிட்டு வெளியேறியதைக் குறிப்பிட்டு, ஆசிரியரின் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கிய நாளில்தான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கைப்பேசிதான் காரணம் என்று அடுத்த வாரம் ஒருவரும், பெற்றோர் கொடுக்கும் செல்லம்தான் காரணம் என்று அதற்கடுத்த வாரம் இன்னொருவரும் எழுதினார்கள். மூன்று கடிதங்களும் பிள்ளை என்ன செய்தது என்பதை விரிவாகச் சொல்கின்றன. எப்போது செய்தது என்று ஒன்றில்கூட ஒரு வரி இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியதால் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தேவையற்ற மாத்திரைகளை என் கையாலேயே கொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதத் துணிகிறேன்.

நான் ஆசிரியன் அல்லன். மனநல மருத்துவனும் அல்லன். திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது திருத்துறைப்பூண்டிக்கு அருகே கடைமடைக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். ஊரில் இன்றும் என்னைக் ‘கம்பவுண்டர்’ என்றுதான் அழைக்கிறார்கள். மருந்துச் சன்னலுக்குப் பின்னால் நிற்பவனுக்கு வருகிறவரின் முகத்தைவிட அவர் நீட்டும் ஓபி சீட்டுதான் அதிகம் தெரியும். அந்தச் சீட்டிலும் மருந்தின் பெயரும் எத்தனை வேளை என்பதும்தான் கண்ணில் படுமே தவிர, தேதியைப் பார்க்கும் பழக்கம் வராது. எனக்கும் வந்ததில்லை.

பணியின் கடைசி ஆண்டுகளில் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனை அவனுடைய தாயார் அடிக்கடி அழைத்துவருவார். வயிற்றுவலி. காலையில் எழுந்ததுமே சுருண்டு படுத்துக்கொள்வான், ஒரு வாய் சாப்பிடமாட்டான், பத்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு வந்துசேரும்போது வலி பாதி குறைந்திருக்கும். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், சிறுநீர் சோதித்தார், ஒருமுறை திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். எதிலும் குறை இல்லை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் அவன் தவறாமல் சாப்பிட்டிருந்தான். இருந்தும் ஒவ்வொரு முறையும் வயிற்றுவலிக்கான டைசைக்ளோமின் மாத்திரை சிலவற்றை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன். பையன் நடிக்கிறான், பள்ளிக்கு மட்டம் போடக் கற்றுக்கொண்டான் என்று வகுப்பாசிரியர் சொல்லியனுப்பியதாகத் தாயார் சொன்னார். அதைச் சொல்லும்போதே பிள்ளையின் முதுகில் ஓர் அடியும் வைத்தார்.

ஒரு மாதக் கடைசியில் மருந்து இருப்பைச் சரிபார்க்க வழங்கல் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவன் வந்த தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்ணில் பட்டன. சுவரிலிருந்த நாட்காட்டியை வைத்துப் பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாம் செவ்வாய்க்கிழமைகள்.

அடுத்த செவ்வாய் வந்தபோது தாயாரைச் சீட்டு பதியும் இடத்துக்கு அனுப்பிவிட்டு அவனை உள்ளே அழைத்து, “தம்பி, செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துல என்ன பாடம் முதல்ல?” என்று கேட்டேன். தமிழ் என்றான், தமிழ் பிடிக்கும் என்றும் சொன்னான். “வீட்டுல என்ன, செவ்வாய்க்கிழமை?” என்றேன். வெகுநேரம் கழித்து, “குழுக்காரவங்க வருவாங்க சார்” என்றான். பிறகு அவனாகவே சொன்னது: “நான் பள்ளிக்கூடம் போயிட்டா அம்மாவ எல்லாரும் திட்டுவாங்க. நான் படுத்திருந்தா கொஞ்சமாதான் திட்டுவாங்க.”

எங்கள் பகுதி வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்கின்றன. வாரம் ஒரு நாள் காலையில் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் தவணை வசூல் நடக்கும். ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே வசூலுக்கு வரும் இளைஞர் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை, நேற்றுவரை குழம்பு கொடுத்து வாங்கிய பக்கத்து வீட்டுப் பெண்ணே நடுத்தெருவில் நின்று பேசிவிடுவார். அந்தப் பேச்சுக்கும் தன் தாய்க்கும் இடையே ஒன்பது வயதுப் பிள்ளை தன்னால் முடிந்த ஒரே தடுப்பை வைத்திருந்தது. நாங்கள் அதற்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். பள்ளி அதற்கு ‘நடிப்பு’ என்று பெயர் வைத்திருந்தது.

நடிப்பு என்ற சொல்லைப் பற்றி மருந்துத் துறையில் இருந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வால்ட்டர் கேனன் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர், ஹார்வர்டில் இன்னும் மருத்துவ மாணவராக இருந்த காலத்தில், அப்போது புதிதாக வந்திருந்த எக்ஸ் கதிரைக்கொண்டு பூனைகளின் இரைப்பை உணவை எப்படிச் செரிக்கிறது என்று ஆராய்ந்தார். எக்ஸ் கதிரில் தெரியும்படி பிஸ்மத் என்னும் உலோகத்தின் உப்பு கலந்த உணவைக் கொடுத்துவிட்டுப் படத்தில் பார்த்தால் இரைப்பை அலை அலையாக அசைவது தெரியும். ஆனால் கட்டிப்போடப்பட்ட பூனை மிரண்டால் அந்த அசைவு அப்படியே நின்றுவிடும். அது அமைதியடைந்தால் மறுபடியும் தொடங்கும். 1898-ல் இதை எழுதி வெளியிட்ட கேனன், அங்கிருந்து தொடங்கித்தான் ஆபத்தை எதிர்கொள்ளும் உடல் எப்படித் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது என்ற பெரிய ஆராய்ச்சிக்குள் சென்றார். பயத்தில் வயிறு நிற்கிறது என்பது அந்தத் துறையின் முதல் படம் என்றே சொல்லலாம். ஆகவே செவ்வாய்க்கிழமை காலையில் அந்தச் சிறுவனுக்கு வந்த வலி உண்மையான வலி. அவன் வயிறு பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அதை வயிற்றிலேயே தேடிக்கொண்டிருந்தோம்.

ஆபத்து என்று மூளை உணர்ந்த கணத்தில் சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. சற்றுப் பின்னால் கார்டிசோல் என்னும் இன்னொரு சுரப்பும் சேர்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. மோது, ஓடு, முடியாவிட்டால் உறைந்து நில் என்ற மூன்று வழிகளுக்கும் உடல் ஆயத்தமாகிறது. வரப்பில் பாம்பைக் கண்டால் இது உயிரைக் காக்கும் ஏற்பாடு. பாம்பு போனதும் அடங்கியும்விடும். வீட்டிலேயே ஓயாத கவலை இருக்கும் பிள்ளைக்கு அது அடங்குவதில்லை. அந்த உடலோடுதான் அது வகுப்பறைக்கு வந்து பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்துப் பையனின் முழங்கை பட்டாலே கையை ஓங்குபவனை ‘அடங்காதவன்’ என்கிறோம். உணவு இடைவேளைக்குப் பிறகு காணாமல் போகிறவன் ‘ஊர்சுற்றி’. கேள்வி கேட்டால் கரும்பலகையையே வெறித்துக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு ‘மந்தம்’ என்று பெயர். மோதுவதும் ஓடுவதும் உறைவதும்தான் இவை. நாம் கொடுத்த பெயர்கள்தாம் வேறு. கோபத்தை அடக்கி, விளைவை யோசித்து நடக்கச் செய்யும் நெற்றிப்பக்க மூளையோ மனிதனுக்கு இருபதுகளின் நடுப்பகுதி வரையில் முதிர்ந்துகொண்டேயிருக்கிறது. பெரியவர்களாலேயே முடியாததை அந்த வயதில் எதிர்பார்க்கிறோம்.

இந்த ஏற்பாடு ஓயாமல் இயங்கினால் என்ன ஆகும் என்பதை 1936-ல் கனடாவின் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே என்னும் ஆய்வாளர் எலிகளை வைத்துக் காட்டினார். எந்தவகைத் துன்பத்துக்கு உள்ளாக்கினாலும் அவற்றின் அட்ரினல் சுரப்பிகள் வீங்கின, நோயெதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்கியது, இரைப்பையிலும் குடலிலும் புண் வந்தது. மனிதர்களைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 17,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றின் முதல் முடிவுகள் 1998-ல் வெளிவந்தன: சிறுவயதில் அடி, அவமதிப்பு, வீட்டுக்குள் வன்முறை, குடிகாரப் பெற்றோர் என்று எத்தனை வகைத் துன்பங்களை ஒருவர் கண்டிருக்கிறாரோ, அதற்கேற்ப அவருக்கு நடுவயதில் இதய நோயும் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் வரும் வாய்ப்பு கூடியது. நாற்பது வயதில் பிரஷர் மாத்திரைக்கு வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் ஒருகாலத்தில் வயிற்றுவலி என்று வந்து நான் சன்னல் வழியே திருப்பியனுப்பிய பிள்ளைகளோ, தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘மன அழுத்தம்’ என்பது நம் பாட்டிகளுக்குத் தெரியாத புதுச்சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. பேறுகாலத்துக்குத் தாய் போனபின் சோறு இறங்காமல் மெலிந்த பிள்ளையை ‘ஏக்கம் பிடித்த பிள்ளை’ என்பார்கள். தூக்கத்தில் அலறி எழுந்தால் ‘பயந்த கோளாறு’. திருநீறு போட்டு வேப்பிலையால் மந்திரிப்பார்கள். நாகூர் தர்காவுக்கு அழைத்துப்போய் ஓதிவருவார்கள். நான் மாத்திரையை நம்பியவன் என்பதால் அவற்றைப் பார்த்துச் சிரித்ததுண்டு. ஆனால் எங்கள் தெருவில் மந்திரித்துவந்த மூதாட்டி, வேப்பிலையைக் கையில் எடுக்கும் முன்பு பிள்ளையிடம் கேட்கும் முதல் கேள்வி, “எங்கடா பயந்தே? எப்போ பயந்தே?” என்பதுதான். எங்கள் சீட்டில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

காவிரிப் படுகையில் பிள்ளைகளின் ‘எப்போது’ பெரும்பாலும் வீட்டின் நாட்காட்டியையும் வயலின் நாட்காட்டியையும் ஒட்டியே வருகிறது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில்தான் பாசனத்துக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாளான 12-ம் தேதியும் வருகிறது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக அந்தத் தேதியில் அணை திறக்கப்படவில்லை. 2012-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போகும்வரை, புதுப் புத்தகம் வாங்கும் மாதமும் ‘தண்ணி வருமா’ என்று வீட்டில் குரல் தாழ்த்திப் பேசும் மாதமும் அதற்கு ஒன்றாகவே இருந்திருக்கின்றன. அடகுக்குப் போன தோட்டைப் பற்றி யாரும் அதனிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் தாயின் காது வெறுமையாக இருப்பதை முதலில் பார்ப்பது பிள்ளைதான். பிள்ளைகளுக்குத் தெரியாமல் கஷ்டப்படுகிறோம் என்று பெற்றோர் நம்புவதைப்போல ஏமாற்றம் தரும் நம்பிக்கை வேறில்லை. சொல்லப்படாத கவலையைப் பிள்ளை தானே கற்பனை செய்துகொள்கிறது. அந்தக் கற்பனை உண்மையைவிட எப்போதும் பெரிதாக இருக்கும், பெரும்பாலும் அதில் குற்றவாளி அந்தப் பிள்ளையாகவே இருக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே இரவில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. நட்ட கன்று காய்க்க ஆண்டுகள் ஆகும் என்பதால் அந்த இரவின் கடன் நெடுங்காலம் தொடர்ந்தது. வேதாரண்யம் பக்கத்து உறவினர் வீட்டில் அப்போது ஆறாம் வகுப்பு படித்த பெண் இருந்தாள். புயலுக்கு ஈராண்டுக்குப் பின்பும், காற்று கொஞ்சம் சத்தமாக வீசினால் புத்தகப்பையிலிருந்து புத்தகங்களை எடுத்துவிட்டு ரேஷன் அட்டையையும் தம்பியின் சட்டையையும் வைத்துக்கொள்வாள். மறுநாள் புத்தகமில்லாமல் பள்ளிக்குப் போய் வெளியே நிறுத்தப்படுவாள். ‘ஞாபகமறதி, அலட்சியம்’ என்று பெற்றோரை அழைத்துச் சொன்னார்கள். எந்தெந்த நாட்களில் புத்தகம் இல்லை என்பதையும் எந்தெந்த இரவுகளில் காற்றடித்தது என்பதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. 2004-ல் ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீவிபத்தில் 94 பிள்ளைகளையும், அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று நாகைக் கரையில் சுனாமிக்கு ஆயிரக்கணக்கானோரையும் பறிகொடுத்த பகுதி இது. தப்பிப் பிழைத்தவர்களே இன்று பெற்றோராக இருக்கிறார்கள். கடல் சற்றே இரைந்தால் பிள்ளையைக் காரணமில்லாமல் கத்தும் தாயைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சனிக்கிழமை கூலி வாங்கி டாஸ்மாக் வழியாக வீடு வரும் தந்தையின் பிள்ளை திங்கட்கிழமை முதல் பாடவேளையில் தூங்குகிறது. முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கங்களில், அப்பா வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வீடியோ அழைப்பில் பேசி முடித்த மாலையில் பொருளைப் போட்டு உடைக்கும் பையன்கள் உண்டு. அழைப்பு வராத நாட்களில் அவர்கள் சாதுவாகவே இருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போதும், எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை தந்தையைப் பிடித்துச் சென்றுவிட்டதாகச் செய்தி வரும்போதும் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று நாகைக் கரையோரப் பள்ளி ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

தொந்தரவு செய்யும் பிள்ளையையாவது யாரேனும் கவனிக்கிறார்கள். தொந்தரவே செய்யாத பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. இதை நான் வீட்டிலேயே கற்றேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தச் சிறுவனைப் பார்ப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், என் மனைவி ஓராண்டு தஞ்சாவூரில் சிகிச்சை பெற்றார். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. காலையில் உலை வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவாள், முதல் மதிப்பெண் வாங்குவாள், யாரிடமும் ஒரு சொல் எதிர்த்துப் பேசமாட்டாள். ‘பொறுப்பான பொண்ணு’ என்று உறவினர் எல்லோரும் மெச்சினார்கள், நானும் பெருமைப்பட்டேன். நகங்களை இரத்தம் வரும்வரை கடித்திருந்ததற்குக் கால்சியம் குறைவு என்று நானே மாத்திரை கொடுத்தேன். கல்லூரி முடித்த பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: தஞ்சாவூர் பேருந்து ஊருக்குள் வரும் நேரமான இரவு ஏழே முக்காலுக்குத் தினமும் தன் கைகள் மரத்துப்போகும், பேருந்திலிருந்து நான் மட்டும் இறங்கினால் நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று என் நடையைப் பார்த்துக் கணிப்பாள். ஓராண்டு முழுவதும், ஒவ்வோர் இரவும். பக்கத்து அறையில் இருந்த எனக்கு அது தெரியாது.

எல்லா நடத்தைக்கும் மனக்கவலைதான் காரணம் என்று சாதிக்க நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒருவகை மாத்திரைதான். மந்தமாக இருக்கும் பிள்ளைக்கு இரத்தச்சோகை இருக்கலாம்; கரும்பலகை தெரியாததாலோ காது கேட்காததாலோ கவனிக்காமல் இருக்கலாம்; படுக்கையை நனைப்பதற்குச் சிறுநீர்த் தொற்று காரணமாக இருக்கலாம். கற்றல் குறைபாடும் கவனக்குறைவு நோயும் தனியாக மருத்துவம் வேண்டுபவை. உடலை முதலில் பார்த்துவிட வேண்டும். சில பிள்ளைகள் வெறும் குறும்புக்காரர்கள். அவர்களை அவர்கள் போக்கில் விடலாம். அதேபோல ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டாலோ இடத்துக்குப் போகச் சொன்னாலோ மட்டும் பிள்ளை வெளிறிப்போனால், அங்கே ‘எப்போது’ என்பதோடு ‘யார்’ என்பதும் சேர்ந்துவிடுகிறது. அப்போது நாமே விசாரணை நடத்திக்கொண்டிராமல் குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ உடனே அழைக்க வேண்டும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதையோ, ‘நான் இல்லாமப் போயிட்டா நல்லா இருக்கும்’ என்று பேசுவதையோ விளையாட்டென்று விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆசிரியர்களைக் குறைசொல்வதும் என் நோக்கமன்று. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை வைத்துக்கொண்டு, எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றமும் முடித்து, பிள்ளையின் மனதையும் படிக்க வேண்டும் என்பது நடக்கிற காரியமில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைச் சிறுவனின் வகுப்பாசிரியரை நான் போய்ப் பார்த்தபோது, அவர் சொன்ன முதல் வார்த்தை, “இதை ஏன் சார் அந்தம்மா என்கிட்ட சொல்லல?” என்பதுதான். சொன்னால் கடன்காரி என்று பெயராகும் என்பதால் சொல்லவில்லை. அவர் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் தாமதமாக வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று பையனிடம் சொன்னார். வந்ததும் ஒப்புக்கு ஒரு வேலை கொடுத்துத் தன்னருகே உட்கார வைத்துக்கொண்டார். தாயாரிடம் நான் சொன்னதும் ஒன்றே ஒன்றுதான்: திங்கட்கிழமை இரவே, தவணைக்குப் பணம் இருக்கிறதா இல்லையா, இல்லையென்றால் யாரிடம் கேட்கப்போகிறீர்கள் என்பதைப் பையனிடம் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள் என்று. வலி சில வாரங்களில் குறைந்தது. முழுதும் நிற்கவில்லை; பணம் புரளாத வாரங்களில் திரும்பவும் வந்தது. ஆனால் அந்த வாரங்களில் அவன் மருந்துக்கு வரவில்லை. பள்ளிக்குப் போய் அந்த ஆசிரியரிடம் சொன்னான்.

இத்தனை எளிய செய்கைக்கு இவ்வளவு பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பலர் கரும்பு, அன்னாசித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். நம் பகுதி விவசாயக் கூலிகளின் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளலாம். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய், ஓயாத சண்டை என்று பல துன்பங்கள் ஒருசேர அழுத்திய வீடுகளில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நம்பிக்கையும் திறமையும் மிக்கவராக வளர்ந்திருந்தார். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, பெற்றோரோ பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டவரோ, மாறாமல் அக்கறை காட்டிய பெரியவர் ஒருவராவது இருந்தார் என்பது.

பிரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஏற்கெனவே ஆபத்து ஆபத்து என்று மணியடித்துக்கொண்டிருக்கும் உடலுக்குப் பிரம்பு இன்னொரு ஆபத்து; அதனால் பிள்ளை அமைதியாகிறதென்றால், மோதலிலிருந்து உறைதலுக்கு மாறியிருக்கிறது என்றுதான் பொருள். வகுப்பு அடங்கியது என்று ஆசிரியர் நினைத்துக்கொள்வார். ‘எப்போது’ என்று அரசே கேட்டுச் செயல்பட்ட ஓர் எடுத்துக்காட்டும் நம் பகுதியோடு தொடர்புடையது. காலைப் பாடவேளைகளில் சோர்ந்தும் எரிந்தும் விழும் பிள்ளைகளில் பலர் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகை மாவட்டம் திருக்குவளையிலிருந்துதான் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. பசிக்குப் பிரம்பு மருந்தில்லை என்று புரிந்துகொண்டோம். கவலைக்கும் அதே கணக்குதான் என்று ஏற்க ஏன் தயங்குகிறோம்?

பள்ளிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு உயரம், எடை, பல், கண் எல்லாவற்றையும் பார்க்கிறது. அந்த அட்டையில் ‘தூக்கம் எப்படி’, ‘எந்த நாளில் பள்ளிக்கு வர மனமில்லை’ என்ற இரண்டு வரிகளைச் சேர்க்கும்படி சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டை மாதம் ஒருமுறை வரிவரியாகப் படிக்காமல் பத்தி பத்தியாக, கிழமை வாரியாகப் பார்த்தாலே பல செய்திகள் தாமாகத் தெரியவரும். அதற்குத் தனிச் செலவோ பயிற்சியோ வேண்டியதில்லை. நுண்கடன் வசூலைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் வைத்துக்கொள்ளும்படி குழுக்களே கேட்கலாம். பெற்றோருக்கு ஒரே விண்ணப்பம்: ‘ஏன் இப்படிச் செய்யறே?’ என்று கேட்காதீர்கள். அதற்குப் பிள்ளையிடம் விடை கிடையாது, பெரியவர்களிடமே கிடையாது. ‘எப்போ இப்படி ஆகுது, கண்ணு?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். என் அனுபவத்தில் விடை வருவதற்கு வெகுநேரம் பிடிக்கும். பெரும்பாலும் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதோ, விளக்கணைத்த பிறகோதான் வரும். முகத்துக்கு நேரே வராது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் அதிக மதிப்பெண் பெற்றவர்களின் படங்களோடு, குழந்தைகளுக்கான 1098, மனநல ஆலோசனைக்கான 14416, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகிய மூன்று கட்டணமில்லா எண்களையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும்.

பிரம்பு வேண்டும் என்று எழுதிய வாசகர் மன்னார்குடிப் பக்கத்தவர் என்பதைக் கடிதத்தின் கீழே பார்த்தேன். மேசையைத் தள்ளிவிட்ட அந்த எட்டாம் வகுப்பு மாணவன், அதை எந்தக் கிழமையில், எத்தனை மணிக்குச் செய்தான் என்பதையும் அதற்கு முந்தைய இரவு அவன் எங்கே தூங்கினான் என்பதையும் அவர் விசாரித்து, இதே பகுதியில் எழுத வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.